அமெரிக்காவில் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆவது எப்படி: முதல் பாடத்திலிருந்து லைசென்ஸ் வரை முழுமையான வழிகாட்டி

“அக்கா, நான் பி.காம். படிச்சவ. கல்யாணமாகி இங்க வந்துட்டேன். ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியுமா?” மாதம் ஒரு முறையாவது யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பி.காம். இருக்கிற இடத்தில் சில சமயம் பி.இ. இருக்கும், சில சமயம் எம்.ஏ. ஆங்கிலம் இருக்கும். முடியும். நானும் பி.காம்.தான். ஆனால் எத்தனை வருடம், எந்தப் பாடம், என்ன தேர்வு, விசா எங்கே இடிக்கும் என்றெல்லாம் சொல்லாமல் வெறுமனே முடியும் என்றால் கேட்டவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்துவிட்டு இதைப் படிக்க நினைப்பவர்களுக்குப் பாதை வேறு. அங்கே பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற 4 வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதில் கடைசி வருடம் இன்டர்ன்ஷிப். காது கேட்பது, பேச்சு இரண்டையும் சேர்த்தே படிப்பார்கள். அதன் பிறகு 2 வருட முதுகலை. சென்னையில் போரூர் ராமச்சந்திராவிலும் மெர்ஃபிலும் படிக்கலாம். 1965-ல் தொடங்கிய மைசூர் ‘ஐஷ்’ (அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம்)தான் இந்தத் துறைக்கே தாய்வீடு. வேலை செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். இனி வருவதெல்லாம் அமெரிக்கப் பாதை பற்றி.

வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடுங்கள்

ஸ்பீச் தெரபி என்றதும் திக்குவாய்க் குழந்தையும் பேச்சு தாமதமான குழந்தையும்தான் பலர் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் உண்டுதான். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர், தலையில் அடிபட்டு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவர், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தபின் விழுங்க முடியாதவர், குரல் கட்டிப்போன ஆசிரியை, பேச்சே வராமல் டேப்லெட்டில் படம் தொட்டுப் பேசும் சிறுவன் எல்லோரும் நம்மிடம்தான் வருவார்கள். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு நாளில் பெரும்பகுதி விழுங்குதல் சிகிச்சையிலேயே போய்விடும். பேச்சு சொல்லிக்கொடுக்கலாம் என்று வந்து, நோயாளியின் வாயில் ஸ்பூனை வைக்கும்போதுதான் இது தனக்கு ஒத்துவராது என்று கண்டுகொண்டவர்களை என் வகுப்பிலேயே பார்த்தேன்.

எனவே ஒரு டாலர்கூடச் செலவழிக்கும் முன் போய்ப் பாருங்கள். சான்றிதழுக்கு எப்படியும் 25 மணி நேரம் வழிகாட்டலோடு கூடிய அப்சர்வேஷன், அதாவது ஒரு தெரபிஸ்ட் வேலை செய்வதைக் கூட இருந்து பார்ப்பது, தேவைப்படும். பக்கத்துப் பள்ளி மாவட்டத்துக்கும், முதியோர் மறுவாழ்வு மையத்துக்கும், தனியார் கிளினிக்குக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள், அது போதும். குழந்தைகள் இடம் ஒன்று, பெரியவர்கள் இடம் ஒன்று என்று இரண்டையும் பாருங்கள். உங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவரிடம் ஆஷா சான்றிதழ் இருக்க வேண்டும். ஆஷா என்பது 1925-ல் தொடங்கிய அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம். அது தரும் சான்றிதழின் பெயர் சிசிசி. தேதி, நேரம், அவருடைய சான்றிதழ் எண் மூன்றையும் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அவர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

லெவலிங்: வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு

ஸ்பீச் தெரபிஸ்டாக முழு உரிமையோடு வேலை செய்ய முதுகலை வேண்டும். முதுகலையில் சேர இளங்கலை அளவிலான சில அடிப்படைப் பாடங்கள் வேண்டும். வேறு துறையிலிருந்து வருபவர்கள் இவற்றைத் தனியாகப் படிப்பதற்குத்தான் லெவலிங் என்று பெயர். ஒலியியல், பேச்சு கேட்டல் உறுப்புகளின் உடற்கூறு, குழந்தையின் மொழி வளர்ச்சி, பேச்சு அறிவியல், ஆடியாலஜி (கேட்டல் இயல்) அறிமுகம், கேட்டல் மறுவாழ்வு, நரம்பியல் அடிப்படை ஆகியவைதான் வழக்கமான பட்டியல். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் ஒன்றிரண்டு மாறும். யூட்டா ஸ்டேட் போன்ற சில பல்கலைக்கழகங்கள் இவற்றை ஆன்லைனிலேயே நடத்துகின்றன. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவில் படித்து முடித்த அம்மாக்கள் நிறையப் பேர் உண்டு.

இவை தவிர ஆஷா கேட்கும் பொதுப் பாடங்கள் நான்கு: உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல். இந்தியாவில் கல்லூரியில் படித்தது செல்லுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிரான்ஸ்கிரிப்டில் கல்லூரிப் பாடமாகத் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் செல்லும், பிளஸ் டூவில் படித்தது செல்லாது. பி.காம். காரர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அநேகமாக நம் மார்க் ஷீட்டில் இருக்கும். தனிப் புள்ளியியல் பாடமாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். துறைக்குள் படிக்கும் ஆராய்ச்சி முறையியல் பாடத்தை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது. உயிரியலையும் இயற்பியலையும் கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் முடித்துவிடலாம்.

லெவலிங் மதிப்பெண்ணை அலட்சியமாக விடாதீர்கள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய பி.காம். மதிப்பெண்ணை மாற்ற வழியில்லை. இப்போது எடுக்கும் ‘ஏ’தான் தேர்வுக் குழுவுக்கு நீங்கள் யாரென்று காட்டும். ஒரே செமஸ்டரில் ஐந்து பாடம் எடுத்து ‘பி’ வாங்குவதைவிட மூன்று எடுத்து ‘ஏ’ வாங்குங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம்?

முதல் வடிகட்டி ஒன்றுதான்: சிஏஏ அங்கீகாரம். ஆஷாவோடு இணைந்து படிப்புகளை அங்கீகரிக்கும் கவுன்சில் அது. சிஏஏ அங்கீகாரம் இருக்க வேண்டும், அல்லது புதிய படிப்பாக இருந்தால் ‘கேன்டிடசி’ என்ற முன்அங்கீகார நிலையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் சான்றிதழ் கையில் வராது. ஆஷா தளத்தில் ‘எட்ஃபைண்ட்’ என்ற தேடுபொறி இருக்கிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, சராசரி ஜிபிஏ எவ்வளவு என்றெல்லாம் அதில் பார்க்கலாம். குறித்த காலத்தில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், பிராக்சிஸ் என்ற தேசியத் தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு துறையும் தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டாக வேண்டும் என்பது சிஏஏ விதி. அந்தப் பக்கத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள்.

அதற்குப் பிறகு தரவரிசைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். இந்தப் படிப்பில் ஒருவரை ஆளாக்குவது கிளினிக் மணி நேரம்தான். நல்ல சூப்பர்வைசரோடு உட்கார்ந்து கழித்த அந்த நேரத்தை எந்தப் பெரிய பெயராலும் ஈடுகட்ட முடியாது. எனவே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதும்போது இவற்றைக் கேளுங்கள். உங்கள் சொந்த கிளினிக்கில் முதல் செமஸ்டரிலேயே கிளையன்ட் கிடைப்பார்களா? ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்கள்? எக்ஸ்டர்ன்ஷிப் (வெளியே பள்ளியிலோ மருத்துவமனையிலோ போய்ச் செய்யும் பயிற்சி) இடத்தை நீங்கள் பிடித்துத் தருவீர்களா, நானே தேட வேண்டுமா? மருத்துவமனையில் இடம் எல்லோருக்கும் கிடைக்குமா, சிலருக்கு மட்டுமா? கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? கடைசிக் கேள்வி சின்ன விஷயமாகத் தெரியலாம். நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஒரு நர்சிங் ஹோமில் காலை எட்டு மணிக்கு நிற்க வேண்டும் என்று சொல்லும்போது அது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரியும்.

ஆன்லைன் முதுகலைகளும் சிஏஏ அங்கீகாரத்தோடு இருக்கின்றன. பாடம் வீட்டிலிருந்தே படிக்கலாம், கிளினிக்குக்கு நேரில்தான் போக வேண்டும். உங்கள் ஊரிலேயே அவர்கள் இடம் ஏற்பாடு செய்வார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம்

பெரும்பாலான துறைகள் சிஎஸ்டிகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தின் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. கோடையில் திறக்கும். கடைசித் தேதிகள் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வரும். படித்த ஒவ்வொரு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டும் வேண்டும். இந்தியப் பட்டமென்றால் டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறை வரவே இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஊரில் அப்பாவோ தம்பியோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நான்கு தடவை நடக்க வேண்டியிருக்கும். இதை மே மாதமே தொடங்கிவிடுங்கள். ஜிஆர்ஈ என்ற பொது நுழைவுத் தேர்வைப் பல இடங்கள் கைவிட்டுவிட்டன. நீங்கள் விண்ணப்பிக்கும் இடங்கள் அத்தனையும் கேட்கவில்லை என்றால் அந்த நேரத்தை மதிப்பெண்ணுக்குக் கொடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் வழக்கமாக மூன்று. குறைந்தது இரண்டு லெவலிங் பேராசிரியர்களிடமிருந்து வர வேண்டும். ஆன்லைன் வகுப்பில் முகமே காட்டாமல் இருந்துவிட்டு டிசம்பரில் கடிதம் கேட்டால் அவரும் பாவம், என்ன எழுதுவார்? அவர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்தில் போய்ப் பேசுங்கள், சந்தேகம் கேளுங்கள்.

சுயவிவரக் கட்டுரையை “சிறுவயதிலிருந்தே எனக்கு மற்றவர்களுக்கு உதவுவது பிடிக்கும்” என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லோருடைய கட்டுரையும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அப்சர்வேஷனில் பார்த்த ஒரு காட்சியை எழுதுங்கள்: ஒரு தெரபிஸ்ட் என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்று நீங்கள் நினைத்தீர்கள், வீட்டுக்கு வந்து எதைத் தேடிப் படித்தீர்கள். இரண்டு மொழி மூன்று மொழி தெரியும் என்பதையும் தயங்காமல் எழுதுங்கள். பதில்கள் பிப்ரவரியிலிருந்து வரும். நிதியுதவியோடு வரும் இடங்களுக்கு ஏப்ரல் 15-க்குள் முடிவு சொல்வதுதான் பொது வழக்கம். ஏப்ரல் நடுவில் காத்திருப்புப் பட்டியல் வேகமாக நகரும். அந்த வாரம் தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு வருடம்

ஐந்து அல்லது ஆறு செமஸ்டர், கோடை விடுமுறையும் படிப்பிலேயே போய்விடும். சேர்ந்த உடனே காவல்துறைப் பின்னணிச் சோதனை, காசநோய்ச் சோதனை, தடுப்பூசிப் பதிவு, சிபிஆர் பயிற்சி எல்லாம் முடித்துக் கொடுக்க வேண்டும். ஊரில் சின்ன வயதில் போட்ட ஊசிக்கு அட்டை கிடைக்காது. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியைக் காட்டினால் போதும்.

மொத்தம் 400 மணி நேரம் கணக்கு. அதில் 25 அப்சர்வேஷன், மீதி 375 நேரடியாகக் கிளையன்டோடு. இந்த 400-ல் குறைந்தது 325 முதுகலையில் இருக்கும்போது செய்ததாக இருக்க வேண்டும். அதிகபட்சம் 75 மணி நேரத்தைச் சிமுகேஸ் போன்ற கணினி வழிப் போலி நோயாளிகளோடு செய்யலாம். பெரும்பாலான இடங்களில் எல்லாம் காலிப்ஸோ என்ற மென்பொருளில் ஏறும், சூப்பர்வைசர் ஒப்புதல் கொடுத்தால்தான் கணக்கில் சேரும். அன்றன்றைக்கு ஏற்றுங்கள். செமஸ்டர் முடிவில் சேர்த்து ஏற்றலாம் என்று விட்டு எனக்குப் பதினோரு மணி நேரம் கைவிட்டுப் போனது. அந்த சூப்பர்வைசர் வேலை மாறிப் போயிருந்தார்.

ஒன்பது துறைகளிலும் அனுபவம் காட்ட வேண்டும்: உச்சரிப்பு, திக்குதல், குரல், மொழி, கேட்டல், விழுங்குதல், சிந்தனைத் திறன், சமூகத் தொடர்பு, மாற்று வழித் தொடர்பு. பாடங்களும் இந்த வரிசையில்தான் ஏறக்குறைய நகரும். ஒவ்வொன்றையும் விளக்கப் புகுந்தால் தனிப் புத்தகம் ஆகிவிடும். நான் எதைக் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் முதல் கிளையன்ட் நான்கு வயதுப் பையன், பேச்சு தாமதம். அரை மணி நேர செஷனுக்கு இரண்டு நாள் தயார் செய்தேன். விளையாட்டுப் பொருள் ஒரு பை நிறைய. உள்ளே போனதும் பேச ஆரம்பித்தேன். இது என்ன, கார், என்ன நிறம், சிவப்பு, நீ சொல்லு, சிவப்பு. செஷன் முடிந்ததும் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். இடது பக்கம் என் பேச்சுக்கு ஒரு கோடு, வலது பக்கம் பையனின் பேச்சுக்கு ஒரு கோடு. இடது பக்கம் தாள் நிரம்பி வழிந்தது. வலது பக்கம் ஆறு கோடு. வேறெதுவும் அவர் சொல்லவில்லை. அடுத்த வாரம் பொருளைக் காட்டிவிட்டு மனதுக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொன்னார். ஏழில் பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒன்பதில் “கார்” என்றான். அந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ தேர்வு எழுதினேன். வாயை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணக் கற்றதுதான் இன்றைக்கும் தினம் உபயோகமாகிறது. நம் வீடுகளில் குழந்தை வாயைத் திறக்கும் முன்பே பாட்டி, அத்தை, அம்மா எல்லோரும் அதற்காகப் பேசிவிடுவார்கள். அந்தப் பழக்கம் எனக்குள்ளும் இருந்தது. இருப்பது தெரிந்த பிறகுதான் விட முடிந்தது.

இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். குறைந்தபட்ச விதி, ஒவ்வொரு கிளையன்டோடும் நீங்கள் செலவிடும் நேரத்தில் 25 சதவீதமாவது சூப்பர்வைசர் நேரடியாகப் பார்க்க வேண்டும் என்பது. அந்த சூப்பர்வைசருக்குச் சான்றிதழுக்குப் பின் குறைந்தது 9 மாத அனுபவமும் மேற்பார்வை பற்றிய பயிற்சியும் இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான் கேட்கிறது. நல்ல இடம் முதல் மாதங்களில் இதைவிட நிறையவே பார்க்கும். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதிய இடத்தில் அத்தனை கேள்வி கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

விழுங்குதல் பாடம் பலருக்குப் பயம். எனக்கும் இருந்தது. ஆனால் கையால் செய்து பார்த்தால் பிடித்துப்போகும் பாடம் அது. நீர்ம உணவு நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருப்பவர்களுக்கு நீரைக் கெட்டியாக்கித் தருவது ஒரு வழி. எவ்வளவு கெட்டி என்பதற்கு இட்ஸி என்ற பன்னாட்டு அளவுகோல், உணவையும் சேர்த்து, 0 முதல் 7 வரை இருக்கிறது. நீர்மங்களுக்கு 0 முதல் 4 வரைதான். 10 மில்லி சிரிஞ்சை எடுத்து, நுனியை விரலால் அடைத்து, நிரப்பி, விரலை எடுத்துப் பத்து விநாடி ஒழுகவிட வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் 0. ஒன்று முதல் நான்கு மில்லி மிஞ்சினால் 1. நான்கு முதல் எட்டு வரை 2. எட்டுக்கு மேல் 3. ஒழுகவே மறுத்தால் 4. தெளிந்த ரசம் முதல் ஆறிய கேழ்வரகுக் கூழ் வரை மனதில் வரிசை வைத்துக்கொண்டு நான் இதைப் படித்தேன், மறக்கவே இல்லை. பேராசிரியர் எங்கள் எல்லோரையும் ஒரு நாள் முழுக்க 2-ஆம் நிலைத் தண்ணீர் மட்டும் குடிக்கச் சொன்னார். மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்குத் தாகம் தாங்கவில்லை. பின்னால் எக்ஸ்டர்ன்ஷிப்பில் ஒரு தமிழ்ப் பாட்டி, “இது தண்ணி மாதிரியே இல்லம்மா, ஒரு வாய் நல்ல தண்ணி குடு கண்ணு” என்று கையைப் பிடித்தபோது அவர் கேட்பது என்னவென்று என் தொண்டைக்கே தெரிந்தது. கெட்டியாக்குவதை அன்றே நிறுத்திவிட முடியாது. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரேயில் விழுங்குவதைப் படமெடுத்து, எந்தத் தலை நிலையில், எவ்வளவு அளவில் அவருக்கு வெறும் தண்ணீர் பாதுகாப்பு என்று கண்டுபிடிக்கலாம். அதற்கு மருத்துவரிடம் எழுதிக் கேட்க வேண்டியது நம் வேலை.

குறிப்பு எழுதுவதையும் இப்போதே பழகுங்கள். மருத்துவமனையில் 92507 என்றால் பேச்சு சிகிச்சை, 92526 என்றால் விழுங்குதல் சிகிச்சை. காப்பீட்டு நிறுவனம் இந்த எண்களைப் பார்த்துத்தான் பணம் தருகிறது. பள்ளியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஐஇபி என்ற தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும். “பேச்சு முன்னேறும்” என்றெல்லாம் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்து வாய்ப்பில் எட்டு முறை, யார் உதவியோடு, எந்த இடத்தில் என்று அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

உங்கள் தமிழ் இங்கே எதற்கு உதவும்

அமெரிக்கக் குழந்தைகளுக்கு அதிகம் சிக்கலாகும் ஒலி அவர்களுடைய ‘ஆர்’. ரேபிட்டை ‘வேபிட்’ என்பார்கள். இந்த ஒலியைக் கற்பிப்பது கடினம், ஏனென்றால் நாக்கு எதையும் தொடாமல் நிற்க வேண்டும். நமக்கு அது புதிதில்லை. நாக்கு நுனியை மேலே வளைத்து, எங்கும் ஒட்டாமல் ‘ழ’ சொல்லிப் பாருங்கள். அமெரிக்கர்களில் ஒரு பகுதியினர் தங்கள் ஆர் ஒலியை ஏறக்குறைய அந்த இடத்தில்தான் செய்கிறார்கள். மற்றவர்கள் நாக்கைப் பின்னால் குவித்துச் செய்வார்கள். சின்ன வயதில் ‘வாயப்பயம்’ என்று சொல்லித் திட்டு வாங்கி, பிறகு ழகரம் கற்றுக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எளிது. எனக்கு அது பெரிய பலமாக இருந்தது.

இதைவிட முக்கியமானது மதிப்பீடு. வீட்டில் தமிழ் பேசும் குழந்தையை ஆங்கிலத் தேர்வை மட்டும் வைத்து அளந்து, குறைபாடு என்று எழுதிவிடும் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. தமிழில் வகரம் ஒன்றுதான், எனவே ‘வி’க்கும் ‘டபிள்யூ’வுக்கும் வித்தியாசம் காதில் விழாமல் இருக்கலாம். ‘தேங்க்’ என்பதில் நம் ‘த’ வரும். ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆகும். இதெல்லாம் மொழி வேறுபாடு, நோய் இல்லை. உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலுமே தெரியும். எனவே இரண்டிலும் பார்த்தாக வேண்டும். முடிந்தவரை குழந்தையின் தாய்மொழியிலும் மதிப்பிட வேண்டும் என்று ஐடியா என்ற கூட்டரசுச் சட்டமே சொல்கிறது. வாக்கிய நீளத்தைக் கணக்கிடும்போதும் கவனம் தேவை. “வரமாட்டேங்கிறான்” என்று ஒரு குழந்தை சொன்னால் சொல் ஒன்றுதான். அதற்குள் இருப்பதை ஆங்கிலத்தில் சொல்ல நான்கைந்து சொல் வேண்டும். சொல்லை எண்ணுகிற அளவுகோலில் இந்தக் குழந்தை பின்தங்கித் தெரியும்.

ஒரு பள்ளியில், பேச்சு தாமதமான பிள்ளையின் பெற்றோரிடம் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் எட்டு மாதம் அப்படியே செய்தார்கள். ஆங்கிலம் தெரியாத பாட்டி பேரனோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இது படிப்பிலேயே வரும் அடிப்படை விஷயம். இந்த ஒரு செய்தியைச் சொல்லும் இடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இன்னும் பலர் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பிராக்சிஸ், சிஎஃப்

பிராக்சிஸ் 5331 என்பது தேசியத் தேர்வு. 132 கேள்விகள், 150 நிமிடம், தேர்ச்சி மதிப்பெண் 162. அடிப்படையும் தொழில்முறையும் ஒரு பங்கு, மதிப்பீடு ஒரு பங்கு, சிகிச்சை ஒரு பங்கு. கடைசி செமஸ்டரில், பாடம் சூடாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். இரண்டு மாதம் தினம் ஒரு மணி நேரம் படித்தால் போதும். மாதிரித் தேர்வில் தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று எழுதிப் பழகுங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு சிஎஃப் என்ற முதல் வருட வேலை. சம்பளத்தோடுதான், ஆனால் வழிகாட்டியின் கீழ். வாரம் 35 மணி நேரம் வீதம் 36 வாரம், மொத்தம் 1,260 மணி நேரம். பகுதி நேரமாகவும் செய்யலாம், அதற்கேற்பக் காலம் நீளும். அதில் 80 சதவீதம் நேரடி சிகிச்சை சார்ந்த வேலையாக இருக்க வேண்டும். வழிகாட்டி மூன்று கட்டங்களில் மொத்தம் 18 முறை நேரடியாகப் பார்க்க வேண்டும், இன்னும் 18 முறை குறிப்புகளைப் பார்ப்பது, பேசுவது என்று மற்ற வகையில் மேற்பார்க்க வேண்டும். சான்றிதழுக்கான விண்ணப்பம் ஆஷாவுக்குப் போய்ச் சேர்ந்த 2 வருடத்துக்குள் சிஎஃப் தொடங்க வேண்டும், தொடங்கி 4 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சிஎஃப் நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் என் வழிகாட்டி யார், அவர் இதே கட்டடத்தில் இருப்பாரா என்று கேளுங்கள். வழிகாட்டி இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்து தொலைபேசியில் மட்டும் பேசும் இடத்தை முதல் வருடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விழுங்குதல் நோயாளி இருமும்போது பக்கத்தில் கேட்க ஒருவர் வேண்டும். சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கில் 2023 மே மாத நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 89,290 டாலர். புதியவருக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும், ஊருக்கு ஊர் மாறும்.

சிஎஃப் முடிந்ததும் சிசிசி கிடைக்கும். மாநில லைசென்ஸ் வேறு, அது இல்லாமல் சிகிச்சை செய்யக்கூடாது. பல மாநிலங்களில் சிஎஃப் தொடங்கவே தற்காலிக லைசென்ஸ் வேண்டும். பள்ளியில் வேலை என்றால் சில மாநிலங்கள் கல்வித் துறைச் சான்றிதழும் கேட்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர்கல்வி காட்டிச் சிசிசியைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

விசா

இதை முன்கூட்டியே யோசிக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் படிக்கலாம், வேலை அனுமதி அட்டை இல்லாமல் சிஎஃப் செய்ய முடியாது. கணவருக்கோ மனைவிக்கோ கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்-1 விசா மாணவர்களுக்கு ஓபிடி, அதாவது படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் அனுமதி, 12 மாதம். 36 வார சிஎஃப் அதற்குள் அடங்கும், ஆனால் இடைவெளி மிகக் குறைவு. ஓபிடியில் வேலையில்லாமல் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. தற்காலிக லைசென்ஸ் வர ஆறு வாரம் தாமதமானாலே கணக்கு இறுகிவிடும். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பே ஓபிடிக்கு விண்ணப்பிக்க அனுமதி உண்டு, அந்த முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். கேம்பஸுக்கு வெளியே போகும் எக்ஸ்டர்ன்ஷிப்புக்கு சிபிடி (படிக்கும்போதே வெளியே பயிற்சி செய்யும்) அனுமதி வேண்டுமா என்று சேரும் முன்பே, பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் விவகாரம் பார்க்கும் டிஎஸ்ஓவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு எச்-1பி. நர்ஸ்கள், பிசியோதெரபிஸ்ட்களைப் போலவே நமக்கும் விசாஸ்கிரீன் என்ற சுகாதாரப் பணியாளர் சான்றிதழ் தேவை. அமெரிக்காவிலேயே முதுகலை படித்தவருக்கும் தேவை. வேலை கொடுக்கும் பள்ளி மாவட்டத்துக்குப் பல சமயம் இது தெரியவே தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் ஏற்கனவே ஸ்பீச் தெரபி படித்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஷாவுக்கு பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் சங்கங்களோடு பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. உங்கள் படிப்பை மதிப்பீட்டுக்கு அனுப்பி, அமெரிக்கத் தரத்துக்குச் சமம் என்று நிறுவ வேண்டும். இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே கிளினிக் மணி நேரத்தைத் துறைவாரியாகக் கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்கிவிடுங்கள்.

சரி, மொத்தம் எவ்வளவு காலம் ஆகும்? 2026 ஆகஸ்டில் லெவலிங் தொடங்குகிறவர் 2027 டிசம்பருக்குள் அதை முடித்து, அதே மாதம் விண்ணப்பங்களை அனுப்பி, 2028 ஆகஸ்டில் முதுகலையில் சேரலாம். 2030 மே மாதம் பட்டம், அதற்கு முன்பே பிராக்சிஸ், ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது சிஎஃப். 2031 ஜூனில் பள்ளி மூடும்போது சிசிசிக்கான கடைசித் தாளில் வழிகாட்டி கையெழுத்துப் போடுவார்.